கார்–கூசெவிட்ஸ்கி டபுள் பாஸ்: பிறப்பும் நாதமும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

செய்தவரின் பெயரும் ஆண்டும் அச்சிட்டு உள்ளே ஒட்டும் பெயர்ச்சீட்டு இல்லாத பழைய டபுள் பாஸ் ஒன்று, அதாவது வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய தந்தி வாத்தியம் ஒன்று, எதிரே வந்து நின்றால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அது எங்கே, எந்தக் காலத்தில், யார் பட்டறையில் பிறந்தது என்பது ஒன்று; அதன் நாதம் எத்தகையது என்பது மற்றொன்று. இவை இரண்டு வெவ்வேறு வழக்குகள். ஆனால் வாத்தியங்களை விற்பவர்களும் வாங்குபவர்களும் வாசிப்பவர்களும் இவற்றை ஒன்றாகவே விசாரித்துப் பழகியிருக்கிறார்கள். நாதம் கனிந்து வந்தால் இது இத்தாலிய வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். இத்தாலிய வேலை என்று மதிப்புக்குரிய ஒருவர் சொல்லிவிட்டாலோ, அதே நாதம் மறுநாள் இன்னும் கனிந்து கேட்கிறது. இந்த வட்டம் எவ்வளவு நாள் உடையாமல் சுற்றக்கூடும், எந்தச் சான்று அதை உடைக்கும், உடைத்தபின் எது மிஞ்சும் என்பவற்றை அறிய மிகத் தெளிவாக ஆராயப்பட்ட ஒரு வாத்தியம் இருக்கிறது. அதுவே கார்–கூசெவிட்ஸ்கி பாஸ். 1611இல் இத்தாலியின் கிரெமோனாவில் அமாட்டி சகோதரர்கள் செய்ததாகப் பல பத்தாண்டுகள் போற்றப்பட்ட இந்த வாத்தியம், மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு காலம் அறியும் மரவளைய ஆய்வு ஒன்று 2005இல் வெளியான பிறகு அந்த ஆண்டையும் அந்தப் பெயரையும் இழந்தது.

கைமாறிய கதை

இதன் அறியப்பட்ட வரலாறு பெரும்பாலும் இரண்டு வாசிப்பாளர்களின் வரலாறுதான். செர்கே கூசெவிட்ஸ்கி 1874இல் ரஷ்யாவின் வைஷ்னி வொலச்சோக் ஊரில் பிறந்து, மாஸ்கோவில் பாஸ் பயின்று, 1894இல் பல்ஷோய் அரங்கின் இசைக்குழுவில் சேர்ந்து, 1901இல் அங்கே முதன்மை பாஸ் வாசிப்பாளரானவர். டபுள் பாஸ் அன்று இசைக்குழுவின் பின்வரிசையில் நின்று மற்ற வாத்தியங்களுக்கு அடித்தளம் போட்டுக்கொண்டிருந்தது. திரையிசைப் பதிவுகள் வழியே அதைக் கேட்டுப் பழகிய நமக்கும் அது பெரும்பாலும் ஆழத்தில் துடிக்கிற துணை ஒலியாகவே நினைவில் இருக்கும். கூசெவிட்ஸ்கி அதைத் தனிக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். அதற்காக ஒரு கான்சர்ட்டோவும், அதாவது தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பும், இயற்றினார். பின்னர் இசைக்குழு நடத்துநராகி, 1924 முதல் 1949 வரை அமெரிக்காவின் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவை வழிநடத்தி, 1951இல் காலமானார்.

அவருடைய மனைவி ஓல்கா 1962இல் அந்த பாஸைக் கேரி கார் என்ற இளைஞருக்கு அளித்தார். லாஸ் ஏஞ்சலஸில் 1941இல் பிறந்த கேரி கார், பாஸ் வாசிப்பையே தலைமுறைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்திலிருந்து வந்தவர். நியூயார்க்கில் அவர் வாசித்தபோது தம் கணவரின் ஆவி மேடையில் தோன்றி அந்த இளைஞரைத் தழுவிக்கொண்டதைக் கண்டதாக ஓல்கா கூறினார் என்பது கேரி கார் பலரிடமும் சொல்லிவந்த கதை. 1967இல் பன்னாட்டு பாஸ் வாசிப்பாளர் சங்கத்தை நிறுவியவரும் அவரே. வாத்தியத்தைப் பின்னாளில் அச்சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். ஆவிக் கதை உண்மையா என்று ஆராய்வது இங்கே வேலையன்று. ஆனால் அத்தகைய கதை சூழ்ந்த ஒரு வாத்தியத்தின் முன் நின்று, ‘இதை அமாட்டி செய்தார் என்பதற்கு என்ன சான்று’ என்று கேட்க எவருக்கும் நாக்கு எழாது. பிறப்பைப் பற்றிய ஐயம் இத்தனை தாமதமாக உரக்கப் பேசப்பட்டதற்கு இந்தக் கூச்சமும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

அமாட்டி என்ற பெயர் எதன்மேல் நின்றது

கிரெமோனாவின் வயலின் மரபு அந்திரேயா அமாட்டியிடமிருந்து தொடங்குகிறது. அவர் புதல்வர்கள் அந்தோனியோ, ஜிரோலாமோ இருவரும் ‘அமாட்டி சகோதரர்கள்’ என்று அறியப்படுகிறார்கள். ஜிரோலாமோவின் மகன் நிக்கோலோ பட்டறையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசென்றார். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அந்தோனியோ 1607இல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகும் பட்டறையின் பெயர்ச்சீட்டுகளில் சகோதரர் இருவரின் பெயரும் தொடர்ந்தது. ஆகவே ‘1611, அமாட்டி சகோதரர்கள்’ என்ற வாசகம் எந்த வாத்தியத்தில் இருந்தாலும் அது ஒரு பட்டறையின் முத்திரையே அன்றி இரண்டு பேரின் கைவேலைக்கான சாட்சியன்று. பெயர்ச்சீட்டு அப்பழுக்கற்றதாகவே இருந்தாலும் அதனால் தீர்க்க முடிவது இவ்வளவுதான்.

பெயர்ச்சீட்டுகளின் பெறுமதியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மத்திய ஐரோப்பாவின் சாக்ஸனியிலும் பொஹீமியாவிலும் மொத்தமாகச் செய்யப்பட்ட வயலின்களுக்குள், கிரெமோனாவின் புகழ்பெற்ற வயலின் தச்சர் ஸ்ட்ராடிவாரியின் பெயர் அச்சிட்ட சீட்டுகள் ஆயிரக்கணக்கில் ஒட்டப்பட்டன. அத்தகைய வயலின் ஒன்றைத் தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு உள்ளம் துள்ளியவர்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. அந்த வகையில் பார்த்தால், சீட்டு இல்லாத வாத்தியம் சீட்டுள்ள வாத்தியத்தைவிட நேர்மையானது, ஏனெனில் அது எதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவதில்லை. கார்–கூசெவிட்ஸ்கி பாஸின் வழக்கையும் சீட்டை வைத்துத் தீர்க்க இயலவில்லை. மரத்தையும் உருவத்தையும் கேட்டுத்தான் தீர்க்க வேண்டியிருந்தது.

உருவம் முதலிலேயே நெருடியது. சுருள்தலையின் செதுக்கு, மேற்பலகையில் ஆங்கில ‘f’ வடிவில் உள்ள எஃப் துளைகளின் வெட்டு, உடலின் அளவுகள் ஆகியவை அமாட்டி வேலையோடு ஒத்துப்போகவில்லை என்று வாத்தியங்களை நன்கு அறிந்த சிலர் ஐயம் எழுப்பினர். இந்த ஐயத்தின் கனத்தை உணர, 1611இல் டபுள் பாஸ் என்ற வாத்தியம் எந்த நிலையில் இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அக்கால இத்தாலியில் வயோலோனே என்று பொதுவாக அழைக்கப்பட்ட பெரிய தந்தி வாத்தியங்களுக்கு ஒரே அளவோ ஒரே சுருதியோ இருந்ததில்லை. பிரெஸியா நகரில் காஸ்பரோ தா சாலோ செய்த பெரிய பாஸ்கள் எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றை 1846இல் இறந்த புகழ்பெற்ற வாசிப்பாளர் டொமெனிக்கோ டிராகொனெட்டி வெனிஸ் நகரின் புனித மார்க் ஆலயத்துக்கு விட்டுச்சென்றார். கிரெமோனாவின் அமாட்டிகளிடமிருந்து எஞ்சிய டபுள் பாஸ்களோ மிகமிக அரிது. அரிதாக இருப்பது ஒப்பிடுதலைக் கடினமாக்குகிறது. ஒப்பிட ஆளில்லாத இடத்தில் எந்தப் பெயரும் எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

மேலும், இருநூறு ஆண்டு கடந்த எந்த டபுள் பாஸும் பிறந்த மேனியோடு நம்மிடம் வந்து சேர்வதில்லை. மூன்று தந்திக்குச் செய்தது நான்கு தந்திக்கு மாறியிருக்கும். கழுத்து கழற்றப்பட்டு நீளமும் சாய்வும் மாற்றப்பட்டிருக்கும். தோள்பட்டை பெரிதாக இருந்து கை எட்டாமல் போனால் உடலையே வெட்டிச் சுருக்கியிருப்பார்கள். மரப் பிருடைகளின் இடத்தில் பல்சக்கர முடுக்கிகள் வந்திருக்கும். வஜ்ஜிரப் பசையால் ஒட்டப்பட்ட வாத்தியத்தை ஈரமும் வெப்பமும் கொடுத்துப் பிரித்துவிட முடியும் என்பதால் பழுதுபார்ப்பவர் தலைமுறைக்கு ஒருமுறை உள்ளே புகுந்து எதையாவது மாற்றிவிட்டுப் போயிருப்பார். ஆகவே தலை ஒரு காலத்ததாகவும் உடல் வேறொரு காலத்ததாகவும் இருப்பது இந்த வகை வாத்தியத்தில் விதிவிலக்கே அல்ல. உருவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்பவர், எந்த உறுப்பின் உருவம் என்று முதலில் சொல்லக் கடமைப்பட்டவர்.

மரம் சொன்ன சாட்சி

மேற்பலகைக்கு உரிய மரம் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். அது வளரும் பருவத்தின் தொடக்கத்தில் விரைந்து வளர்ந்து வெளிறிய அகன்ற பட்டை ஒன்றையும், பருவம் முடியும்போது மெதுவாக வளர்ந்து கருத்த மெல்லிய கோடு ஒன்றையும் விடுகிறது. இரண்டும் சேர்ந்தது ஓராண்டு. வாத்தியத் தச்சர் அடிமரத்தை ஆரப்போக்கில் பிளந்து பலகை எடுப்பதால் இந்தக் கோடுகள் மேற்பலகை முழுவதும் தலையிலிருந்து அடிவரை இழையிழையாக நீளவாக்கில் ஓடுகின்றன. வழக்கமான அமைப்பில் இரண்டு பலகைகள் நடுவில் இணையும். மரத்தின் பட்டைப்பக்கம், அதாவது இளைய வளையங்கள் உள்ள பக்கம், பெரும்பாலும் நடு இணைப்பில் இருக்கும். டபுள் பாஸுக்கு அத்தனை அகலமான பலகை கிடைப்பது கடினம் என்பதால் ஓரங்களில் துண்டுகள் ஒட்டப்பட்டிருப்பதும் உண்டு.

அளப்பவர், தந்திகளைத் தாங்கும் குதிரைக்குக் கீழே, மேற்பலகை மிக அகன்றிருக்கும் இடத்தில், குறுக்காக ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு வளையத்தின் அகலத்தையும் உருப்பெருக்கியின் உதவியால் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு நுட்பத்தில் பதிவு செய்கிறார். சொல்வதற்கு எளிது. பழைய பாஸின் மேற்பலகையில் வில்லில் தேய்க்கும் ரோசின் என்ற பிசின் உதிர்ந்த துகள் வார்னிஷோடு கலந்து கருகிப் படிந்திருக்கும். பிளந்து ஒட்டிய தடங்கள் வளையங்களுக்கு இணையாகவே ஓடும். ஒட்டிய இடத்தில் மரம் தேய்க்கப்பட்டிருந்தால் ஓராண்டின் கோடே காணாமல் போயிருக்கும். ஒரு வளையம் தவறினால் அதற்கு முன்னுள்ள வளையங்கள் அனைத்தும் ஓராண்டு நகர்ந்துவிடும். அதனால்தான் இடப்பக்கப் பலகையையும் வலப்பக்கப் பலகையையும் தனித்தனியே அளந்து, முதலில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறார்கள்; இரண்டும் இசைந்த பிறகே வெளியாரின் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள்.

அந்த வெளியார் கணக்குத்தான் முறையின் உயிர். ஆல்ப்ஸ் மலையில் மரங்கள் வளரக்கூடிய மேல் எல்லையை ஒட்டிய காடுகளில், ஒரு மரம் அந்த ஆண்டு எவ்வளவு வளரும் என்பதைப் பெரும்பாலும் கோடையின் வெப்பமே தீர்மானிக்கிறது. குளிர்ந்த கோடை வந்தால் அந்த வட்டாரத்து மரங்கள் எல்லாம் ஒருசேர ஒடுங்கிய வளையம் இடுகின்றன. இதமான கோடை வந்தால் ஒருசேர விரிகின்றன. இந்த ஏற்ற இறக்க வரிசை எந்த இரண்டு நூற்றாண்டிலும் அப்படியே திரும்ப வருவதில்லை. இன்று நிற்கும் மரங்களில் தொடங்கி, பழைய வீடுகளின் உத்தரங்கள் வழியே பின்னோக்கிக் கோத்துக் கட்டிய நீண்ட ஆண்டுவளைய வரிசைகள் ஐரோப்பாவில் கைவசம் இருக்கின்றன. வாத்தியத்தின் வரிசை அவற்றில் எந்த இடத்தில் அச்சாகப் பொருந்துகிறதோ அதுவே அதன் ஆண்டு.

அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி கிரிசினோ-மேயரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்த முறையில் கார்–கூசெவிட்ஸ்கி பாஸை ஆராய்ந்தார்கள். மேற்பலகையில் கிடைத்த வளையங்கள் மொத்தம் 317 ஆண்டுகளை அடக்கியிருந்தன. அவை 1445இல் தொடங்கி 1761இல் முடிந்தன. அமாட்டி சகோதரர்களின் ஆண்டாகச் சொல்லப்பட்ட 1611க்கு நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் அந்த மரம் மலைமேல் உயிரோடு நின்றிருக்கிறது.

இதே கிரிசினோ-மேயர் சற்று முன்னர், 2004இல், ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள ‘மெசையா’ என்ற ஸ்ட்ராடிவாரி வயலினை ஆராய்ந்த குழுவிலும் இருந்தவர். அந்த வயலினும் போலியாக இருக்கலாம் என்ற கடும் சர்ச்சையில் சிக்கியிருந்தது. அதன் மேற்பலகை வளையங்கள் 1577 முதல் 1687 வரை என்று வந்தது. சீட்டில் உள்ள 1716 என்ற ஆண்டுக்கு அது முரணாகவில்லை. ஒரே முறை ஒரு வாத்தியத்தின் பெயரைக் காத்தது, மற்றொன்றின் பெயரைக் கழற்றியது. புகழ்பெற்ற பெயர்களைக் கவிழ்ப்பதற்காகவே மரவளையக்காரர்கள் வருகிறார்கள் என்று முணுமுணுப்பவர்கள் இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இந்தச் சாட்சியின் எல்லை

கடைசி வளையத்தின் ஆண்டு, வாத்தியம் பிறந்த ஆண்டு ஆகாது. அடிமரத்தைப் பிளந்து சீவும்போது வெளிப்புறத்து வளையங்கள் எத்தனை கழிந்தன என்பதை முடிந்த பலகை சொல்லாது. அறுத்த மரம் காய்வதற்குச் சில ஆண்டுகள் வேண்டும். நல்ல பலகையைத் தச்சர்கள் பல ஆண்டுகள் பரணில் வைத்திருப்பதும் உண்டு. ஆகவே 1761 என்பது ‘இதற்கு முன் இல்லை’ என்று சொல்கிறதே தவிர ‘இந்த ஆண்டில்தான்’ என்று சொல்லவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி என்ற கணிப்பு, அந்த வரம்போடு வழக்கமான இடைவெளியைச் சேர்த்துச் சொல்லப்படுவது. பழைய பலகையைக் கொண்டு பிற்காலத்தில் வாத்தியம் செய்யலாம். பிற்கால மரத்தைக் கொண்டு முற்காலத்தில் செய்ய முடியாது. முறையின் வலிமை முழுவதும் இந்த ஒருவழித் தன்மையில்தான் இருக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. தேதியிடப்பட்டது மேற்பலகை மட்டுமே. 1611இல் செய்த அமாட்டி பாஸ் ஒன்றின் மேற்பலகை சிதைந்துபோய், பதினெட்டாம் நூற்றாண்டில் எவரோ புது மேற்பலகை போட்டிருந்தால் என்ன? மேலே சொன்ன பழுதுபார்ப்பு வழக்கத்தை வைத்துப் பார்த்தால் இது வீண் வாதம் அன்று. இந்த வாதத்தை மரவளையம் தனியாக வீழ்த்த முடியாது. இங்கேதான் உருவச் சான்று திரும்ப வந்து துணைநிற்கிறது. தலையும் துளைகளும் உடலளவும் ஏற்கெனவே அமாட்டிக்கு ஒவ்வாதவை என்று எழுந்த ஐயம், மேற்பலகையின் தேதிக்கு முன்னரே எழுந்தது. அந்தத் தேதியைப் பார்த்து அது உருவானதில்லை. மேற்பலகை மட்டும் பிந்தியது என்று வாதிடுபவர், மற்ற உறுப்புகளில் அமாட்டியின் கை எங்கே தெரிகிறது என்று காட்ட வேண்டும். தனித்தனியே தோன்றிய இரண்டு சான்றுகள் ஒரே திசையைக் காட்டும்போது, புதுமேற்பலகைக் கதை சாத்தியமானதாக மட்டுமே எஞ்சுகிறது, நம்பத்தக்கதாக அல்ல.

பிறப்பிடம் பிரான்ஸாக இருக்கலாம் என்று வல்லுநர் சிலர் சுட்டினார்கள். இது அமாட்டி இல்லை என்பதைவிடப் பலவீனமான கூற்று என்பதை மறக்கக் கூடாது. மரம் ஆல்ப்ஸில் வளர்ந்தது என்பதால் வாத்தியம் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் பிறந்தது என்று ஆகாது. ஸ்புரூஸ் பலகைகள் ஆற்று வழியும் சாலை வழியும் பல நாட்டுப் பட்டறைகளுக்குப் போயின. நாட்டைத் தீர்மானிப்பவை மேற்பரப்புக்கு உள்ளே இருக்கும் வேலைப்பழக்கங்கள். பக்கப்பலகைகள் உள்அச்சைச் சுற்றி வளைக்கப்பட்டனவா அல்லது பின்பலகை மேலேயே நேரடியாக எழுப்பப்பட்டனவா, மூலைக் கட்டைகள் எந்த வடிவில் உள்ளன, பக்கப்பலகை ஓரங்களில் உள்ளே ஒட்டும் உள்பட்டிகள் அவற்றுக்குள் புகுந்து நிற்கின்றனவா அல்லது அவற்றோடு முட்டி நிற்கின்றனவா, பக்கப்பலகை முனைகள் மூலையில் எப்படிச் சந்திக்கின்றன, மேற்பலகையின் உட்புறம் நீளவாக்கில் தாங்கும் பாஸ் பட்டை தனியாக ஒட்டியதா மேற்பலகையிலிருந்தே செதுக்கி விட்டதா, தலைச்சுருளின் குழிவு பின்புறம் எதுவரை வெட்டப்பட்டிருக்கிறது என்பன போன்றவற்றைக் கண்ணாடியும் சிறுவிளக்கும் விட்டுப் பார்க்கிறார்கள். வெளிப்புறத்து எழில் பார்த்துச் செய்யக்கூடியது. பட்டறைச் சிறுவன் பத்து வயதில் கற்றுக்கொண்ட மூலைக்கட்டை வேலையை எவரும் நகலெடுப்பதில்லை, ஏனெனில் அதை யாரும் பார்க்கப்போவதில்லை என்று நினைத்தே செய்வது அது. வார்னிஷை நான் கடைசியில் வைப்பேன். இருநூறு ஆண்டுகளாகப் பலர் மெருகிட்ட பாஸின் வார்னிஷ், செய்தவரைவிடப் பழுதுபார்த்தவர்களைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

நாதத்தின் வழக்கு

இப்போது இரண்டாவது கேள்வி. 2005இல் மரவளைய முடிவு வெளியான பிறகு இந்த பாஸின் மரமோ தடிப்போ உள்காற்றோ மாறவில்லை; அதற்கு முந்தைய நாள் எப்படி ஒலித்ததோ அப்படியேதான் ஒலித்தது. கேரி காரின் வாசிப்பில் மனம் கரைந்தவர்கள் ‘அமாட்டி நாதம்’ என்று சொல்லி அனுபவித்தது, பெயர் தெரியாத ஒரு பதினெட்டாம் நூற்றாண்டுத் தச்சரின் நாதமாக இருந்திருக்கிறது. நாதத்தைக் கேட்டுப் பிறப்பைக் கண்டுபிடிக்க முடியுமானால் இத்தனை நுட்பமான காதுகள் இத்தனை காலம் அதைக் கேட்டும் எதையும் கண்டுபிடிக்காமல் போனதற்கு விளக்கம் வேண்டும்.

வயலினில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஒலியியல் ஆய்வாளர் கிளாடியா ஃப்ரிட்ஸ், வயலின் தச்சர் ஜோசப் கர்ட்டின் முதலானோர் நடத்திய சோதனைகளில், கண்ணுக்கு மறைப்பிட்ட தேர்ந்த வாசிப்பாளர்கள் ஸ்ட்ராடிவாரி போன்ற பழைய இத்தாலிய வயலின்களையும் புதிய வயலின்களையும் மாறிமாறி வாசித்தார்கள். 2014இல் வெளியான சோதனையில் பத்துத் தனிக்கச்சேரி வாசிப்பாளர்கள் ஆறு பழையவற்றையும் ஆறு புதியவற்றையும் வாசித்துப் பார்த்தபோது, பத்தில் ஆறு பேர் புதியதையே தமக்கென்று தேர்ந்தெடுத்தனர். எது பழையது, எது புதியது என்று ஊகித்ததும் குத்துமதிப்பைத் தாண்டவில்லை. வயலினின் முடிவை அப்படியே பாஸுக்குப் பெயர்க்கலாகாது. ஆனால் பழைய இத்தாலிய நாதம் காதுக்குத் தன்னைத்தானே அறிவித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு, மிகுதியாக ஆராயப்பட்ட வாத்தியத்திலேயே ஆதாரம் கிடைக்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

டபுள் பாஸில் நாதத்தை எடைபோடுவது வயலினைவிடக் கடினம் என்பதற்குப் பௌதிகக் காரணமும் இருக்கிறது. இசைக்குழுவுக்கான சுருதியில் அதன் நான்கு தந்திகள் மேற்கத்திய சுரப்பெயரில் ஈ, ஏ, டி, ஜி. அவற்றின் அதிர்வெண்கள் முறையே 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். மிகத் தாழ்ந்த ஈ தந்தியின் ஒலியலை காற்றில் எட்டு மீட்டருக்கு மேல் நீளம். ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் உடலை வைத்துக்கொண்டு அந்த அலையைக் காற்றில் பலமாக எழுப்ப எந்த பாஸாலும் முடியாது. உள்காற்றின் சொந்த அதிர்வு பொதுவாக 60 ஹெர்ட்ஸை ஒட்டியும், உடல் மரத்தின் முதல் பெரிய அதிர்வு ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸை ஒட்டியும் வருவதால், அதற்குக் கீழே உள்ள சுரங்களின் அடிப்படை அதிர்வு மெலிந்தே வெளியேறுகிறது. நாம் கேட்பது அதன் மேல் எழும் துணைச்சுரங்கள். அவற்றின் ஒழுங்கைக் கொண்டு காதும் மூளையும் கீழ்ச்சுரத்தைத் தாமே நிரப்பிக்கொள்கின்றன. ‘இந்த பாஸுக்கு ஆழம் அதிகம்’ என்ற தீர்ப்பில் பாதி கேட்பவரின் தலைக்குள்ளேயே உருவாகிறது.

கார்–கூசெவிட்ஸ்கி பாஸின் புகழ் எந்த வகை வாசிப்பில் பிறந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தனிக்கச்சேரிக்கு பாஸை ஒரு முழுச்சுரம் ஏற்றிச் சுருதி சேர்ப்பது வழக்கம். அப்போது தந்திகள் எஃப் ஷார்ப், பி, ஈ, ஏ என்றாகி, 46.2, 61.7, 82.4, 110 ஹெர்ட்ஸுக்கு ஏறுகின்றன. உடல் அதேதான், அதன் சொந்த அதிர்வுகளும் நகர்வதில்லை, ஆனால் எந்தத் தந்தி எந்த அதிர்வின் மேல் வந்து உட்காருகிறது என்பது மாறிவிடுகிறது. ஏற்றிய சுருதியில் திறந்த பி தந்தி ஏறத்தாழ உள்காற்றின் அதிர்வோடு ஒன்றிப்போகும். இசைக்குழுச் சுருதியில் அந்த இடம் ஏ தந்தியின் மேல் விரல் வைத்த ஒரு சுரத்துக்குப் போகும். தந்தியின் இழுவிசையும் கூடுவதால் குதிரை மேற்பலகையை அழுத்தும் விசையும் கூடுகிறது. ஒரே வாத்தியம் இரண்டு சுருதியில் இரண்டு குணம் காட்டுவதற்கு மாயம் எதுவும் தேவையில்லை.

அதோடு, தனிக்கச்சேரி வாசிப்பாளர் பெரும்பகுதி நேரம் மேல் தந்திகளில், விரற்பலகையின் கீழ்முனை நோக்கி, பாஸைவிடச் சிறிய, மேல்சுருதி கொண்ட செல்லோ பாடும் எல்லையில் பாடிக்கொண்டிருக்கிறார். அங்கே மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் வரம்புக்குள் துணைச்சுரங்கள் விழுகின்றன. வில்லின் அழுத்தம், வேகம், குதிரைக்கு எவ்வளவு நெருக்கத்தில் இழுக்கிறார் என்பவை நாதத்தை ஆளுகின்றன. பெரிய உடலின் ஆழ்ந்த கனம் அங்கே மிகக் குறைவாகவே பங்கு கொள்கிறது. ஆகவே இந்த பாஸின் கச்சேரிகளைக் கேட்டு ‘நல்ல நாதம்’ என்று தீர்ப்பளித்தவர்கள் சொன்னது உண்மைதான், ஆனால் அது வாத்தியத்தின் ஒரு மூலையைப் பற்றிய உண்மை. இசைக்குழுவில் எட்டு பாஸ்கள் சேர்ந்து நிற்கும்போது கீழ்த்தந்தியில் இது எப்படிக் கலக்கும் என்ற கேள்விக்கு அந்தக் கச்சேரிகள் பதில் தருவதில்லை.

பழைய ஒலிப்பதிவுகளையும் நான் சாட்சிக் கூண்டில் ஏற்றத் தயங்குவேன். கூசெவிட்ஸ்கி 1920களின் இறுதியில் பாஸ் வாசித்துப் பதிவு செய்தார். மின்முறைப் பதிவு நடைமுறைக்கு வந்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கீழ்ச்சுரங்களின் அடிப்படை அதிர்வு அந்தத் தட்டுகளில் ஏறுவதே கடினம். அவர் காலத்தில் பாஸுக்குக் குடல் தந்தி. கேரி காரின் தலைமுறையிலோ எஃகுத் தந்தி பரவிவிட்டது. எஃகுத் தந்தி வில்லுக்கு விரைந்து பதில் சொல்லும், மேல் துணைச்சுரங்களை நீண்ட நேரம் தாங்கும்; குடல் தந்தியின் ஒலியில் தொடக்கத்துச் சொரசொரப்பும் விரைந்த அடங்கலும் உண்டு. தந்தி மாற்றம் ஒன்றே ஒரு பாஸின் குணத்தை, அதைச் செய்த நாட்டின் பெயர் மாறுவதைவிடப் பன்மடங்கு மாற்றிவிடும்.

அப்படியானால் சீட்டில்லாத பாஸின் நாதத்தை எப்படித்தான் மதிப்பிடுவது? முதலில் அமைப்பைச் சீராக்காமல் காது கொடுக்கவே கூடாது. மேற்பலகைக்கும் பின்பலகைக்கும் இடையே உள்ளே நிற்கும் உள்தூண் குதிரையின் காலுக்கு எவ்வளவு பின்னால் நிற்கிறது, இறுக்கமா தளர்வா, குதிரையின் கால்கள் மேற்பலகை வளைவோடு முழுதும் படிகின்றனவா, எங்காவது ஓரம் பசைவிட்டு இரைகிறதா என்பவற்றைச் சரிபார்த்த பிறகே நாதம் என்ற பேச்சு. உள்தூணை ஒரு நகக்கண் அளவு நகர்த்தியதும் ஊமையாகக் கிடந்த தந்தி வாய்திறப்பதைப் பழுதுபார்ப்பவர்கள் அன்றாடம் காண்கிறார்கள். அந்த நகர்த்தலுக்கு முன் எழுதிய மதிப்பீடு வாத்தியத்தை மதிப்பிட்டதாகாது. அடுத்து, ஒவ்வொரு தந்தியிலும் அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறி, எந்தச் சுரம் வீங்குகிறது, எது விழுங்கப்படுகிறது, உடலின் பெரிய அதிர்வை ஒட்டிய இடத்தில் வில் தடுமாறி ஓநாய்ச்சுரம் உறுமுகிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். வாசிப்பவர் காதருகே கேட்பதும் அரங்கின் கடைசி வரிசையில் கேட்பதும் பாஸில் வெகுவாக வேறுபடும் என்பதால், வேறொருவரை வாசிக்கச் செய்து தொலைவில் உட்கார்ந்து கேட்பது அவசியம். இவை அனைத்தும் முடியும்வரை பிறப்பைப் பற்றிய கருத்தைக் கேட்பவரிடம் சொல்லாமல் இருப்பது மிக நல்லது. என் அனுபவத்தில் கடைப்பிடிக்க மிகக் கடினமான விதியும் இதுவே. உரிமையாளர்கள் பெட்டியைத் திறக்கும் முன்பே பெயரைச் சொல்லிவிடுகிறார்கள்.

கார்–கூசெவிட்ஸ்கி பாஸுக்கு இன்று சான்றுத்தாள் எழுதுவதானால் நான் இரண்டு தாள்களில் எழுதுவேன். பிறப்புத் தாளில்: மேற்பலகையின் ஸ்புரூஸ் 1761க்கு முன் வெட்டப்பட்டதன்று, அமாட்டி என்ற பழைய பெயர் நிற்காது, உருவமும் தேதியும் சேர்ந்து பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியையோ அதற்குச் சற்றுப் பிந்திய காலத்தையோ காட்டுகின்றன, பிரெஞ்சுப் பட்டறை என்பது வல்லுநர் கருத்து, அது சோதனையால் வந்த முடிவல்ல. நாதத் தாளில் நூற்றாண்டும் நாடும் வராது. சுருதி, தந்தி, அமைப்பு, வாசித்த இடம், கேட்ட தொலைவு ஆகியவற்றோடு ஒவ்வொரு தந்தியின் குணம் மட்டுமே வரும்.

பிறப்புத் தாளில் நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்று மிச்சம் இருக்கிறது. பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் கழுத்துக்கும் வழக்கமாகப் பயன்படும் மேப்பிள் மரத்தின் வளையங்கள் மங்கலானவை. ஸ்புரூஸுக்கு இருப்பதைப் போன்ற நீண்ட ஒப்பீட்டு வரிசைகளும் அதற்கு இல்லை. ஆகவே அந்த உறுப்புகளின் வயதை மூலைக்கட்டையையும் உள்பட்டியையும் தலைச்சுருளையும் பார்த்தே சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி வரி ஒதுக்கி, எந்த உறுப்பை எந்தச் சான்றால் எந்தக் காலத்துக்கு வைத்தோம் என்று பக்கத்திலேயே எழுதிவைத்தால், பின்னால் வருபவர் புதுக் கருவியோடு வந்து அந்த வரியை மட்டும் திருத்திக்கொள்ளலாம்.